வயசாச்சு, அப்படித்தான் என்று விட்டுவிடலாமா? முதுமைத் தளர்ச்சியும் மறதி நோயும்: கேள்வி பதில்

தளர்ச்சி என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். வயதாவதும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. 85 வயதில் கடைக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி வருபவரும் இருக்கிறார், 66 வயதில் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றுபவரும் இருக்கிறார். மருத்துவர்கள் ஃபிரெயில்டி என்று சொல்லும் தளர்ச்சி, உடலின் சேமிப்பு கரைந்துபோன நிலை. சாதாரணமாக இருக்கும்போது வெளியே தெரியாது. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, மாத்திரையில் ஒரு மாற்றம் வந்தால் மற்றவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். தளர்ந்தவர் படுக்கையில் விழுவார், பிறகு பழைய நிலைக்கு வராமலே போகலாம்.

இதற்குத் தெளிவான வரையறை 2001-இல் வந்தது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து லிண்டா ஃபிரைடு குழுவினர் ஐந்து அடையாளங்களை முன்வைத்தனர்: முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோவோ அதற்கு மேலோ எடை குறைவது, எதைச் செய்தாலும் அயர்ச்சி, கைப்பிடி வலுவின்மை, நடை மந்தம், நடமாட்டக் குறைவு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. இந்த முந்தைய நிலையிலிருந்து திரும்பி வருபவர்கள் பலர். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம்.

வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். ஒரு நாற்காலி, அளவு நாடா, செல்போன் கடிகாரம் போதும்.

முதலில் நாற்காலி. கைப்பிடி இல்லாததாக, முழங்கால் உயரத்தில், சுவரை ஒட்டிப் போடுங்கள். வழவழப்பான தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அது வேண்டாம். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் 2019-இல் வகுத்த அளவுப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் கடிகாரமே தேவையில்லை, விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது நடை. தரையில் 4 மீட்டருக்கு இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே நடக்கத் தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தாண்டியும் ஒரு மீட்டர் போகச் சொல்லுங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் எல்லோருமே மெதுவாகத்தான் இருப்பார்கள், அந்த நேரம் கணக்கில் சேரக் கூடாது. வழக்கமான வேகம்தான் வேண்டும். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் பெரியவர்கள் வேகமாக நடந்து காட்டுவார்கள், ஆகவே இரண்டு முறை நடக்கச் சொல்வது நல்லது. 4 மீட்டருக்கு 5 விநாடிக்கு மேல் ஆனால் அது மந்தமான நடை. கைத்தடி வைத்திருந்தால் அதோடுதான் நடக்க வேண்டும்.

மூன்றாவது, கெண்டைக்கால். உட்கார்ந்தபடி, இரு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, தன் கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்கிறது. ஜப்பானில் காஷிவா நகரத்து முதியவர்களிடம் சோதித்துப் பார்த்த முறை இது. நாடா வைத்து அளந்தால் ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் குறைவு என்பது எச்சரிக்கை. கால் வீக்கம் இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். தசை இல்லாத கால்கூடப் பருமனாகத் தெரியும்.

கைப்பிடி வலுவை அளக்கத் தனிக் கருவி வேண்டும். பிசியோதெரபி நிலையங்களில் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு.

எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே ஒரு அளவைவிட மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கால் தளர்வதற்கும் மூளை மறப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நாம் நினைத்ததைவிட நெருக்கமான சம்பந்தம். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்று, இறந்தபின் மூளையையும் ஆராய்ச்சிக்குத் தந்த 456 பேரின் தகவல்கள் 2019-இல் வெளியாயின. மறதி நோயில் (டிமென்ஷியா) அதிகம் காணப்படும் வகை அல்சைமர். மூளையில் அந்த அல்சைமர் படிவுகள் ஏராளமாக இருந்தும், உடல் திடமாக இருந்த சிலர் கடைசிவரை தெளிவாக இருந்திருக்கிறார்கள். படிவு கொஞ்சமே இருந்தும், உடல் தளர்ந்திருந்தவர்கள் மறதி நோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள். அதாவது ஒரே அளவு மூளைச் சேதத்தை ஒரு உடல் தாங்குகிறது, இன்னொரு உடல் தாங்குவதில்லை.

மறதி நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்டதால்தான் உடல் தளர்கிறதோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 30,000 பேரின் பல ஆண்டுத் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். நோய் கண்டறியப்படுவதற்கு 4 முதல் 9 ஆண்டுகளுக்கு முன்பே தளர்ச்சி வேகமெடுத்திருந்தது. அந்த வேகம் எடுப்பதற்கு முன்னால் எடுத்த அளவுகளிலும் தளர்ச்சி மிகுந்தவர்களுக்கே பின்னாளில் மறதி நோய் கூடுதலாக வந்தது. ஆகவே தளர்ச்சி நோயின் நிழல் மட்டும் அல்ல, அதற்கு வழிவிடும் காரணங்களில் ஒன்றாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

எது சாதாரண மறதி, எது நோய்?

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். கண்ணாடி எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நோய். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் உடனே வராமல் சற்று நேரம் கழித்து வருவது சாதாரணம். நேற்று பேரன் வந்து போனதே நினைவில் இல்லை, சொன்னாலும் நினைவு வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

மறதியைவிட வேலையைக் கவனியுங்கள் என்பது எங்கள் ஆலோசனை. நாற்பது வருடமாக வைத்த சாம்பாரில் புளி போட்டோமா என்று தடுமாறுகிறாரா? பென்ஷன் பணத்தை எண்ணும்போது குழம்புகிறாரா? தினமும் போகும் கோயிலிலிருந்து திரும்ப வழி தெரியாமல் நின்றாரா? ஆறு மாதத்துக்கு முன்பு தானே செய்த வேலையை இப்போது ஒதுக்குகிறாரா? இவைதான் முக்கியம். மருமகள் சமையலறையை முழுதாக எடுத்துக்கொண்ட வீடுகளில் அம்மாவின் தடுமாற்றம் பல ஆண்டுகள் யார் கண்ணுக்கும் படாமல் போய்விடுகிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமங்களிலும் விகிதம் கூடுதல்.

நேற்று வரை நன்றாக இருந்த அப்பா இன்று உளறுகிறார். மறதி நோய் முற்றிவிட்டதா?

மறதி நோய் ஒரே இரவில் வராது. மணிக்கணக்கிலோ இரண்டொரு நாளிலோ வந்த குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை இது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் ஒரு உயிர் பிழைக்கலாம்.

அடையாளம் காண்பது எளிது. கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. ஆரம்ப நிலை மறதி நோய் உள்ள பலர் இதைச் சொல்லிவிடுவார்கள். டெலிரியத்தில் கவனம் நிற்காது, இரண்டு கிழமைக்குள் அறுந்துவிடும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். கத்துவது, இல்லாததைப் பார்ப்பது மட்டும்தான் டெலிரியம் என்று எண்ண வேண்டாம். பேசாமல், சாப்பிடாமல், நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருப்பதும் டெலிரியம்தான். “தொந்தரவு இல்லாமல் படுத்திருக்கிறார்” என்று விட்டுவிடுவதால் இந்த வகையே அதிகம் தவறிப்போகிறது.

சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைத்துக்கொள்வது, பல நாள் மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, தாழ்ந்த சர்க்கரை, புது மாத்திரை, நிமோனியா என்று எதுவும் காரணமாகலாம். வயதானவர்களுக்கு நிமோனியாவில் காய்ச்சலே அடிக்காமல் போகலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் விரல் நுனியில் குத்தி அளவைப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன்பு லேசாக வழுக்கி விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். முதுமையில் மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து வாரக்கணக்கில் கழித்துக் குழப்பமாக வெளிப்படுவதுண்டு. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கு வாய்ப்பு அதிகம்.

மருத்துவமனையில் சேர்த்தபின் குடும்பம் செய்ய வேண்டியவை மருந்துக்குச் சமமானவை. கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றையும் கொண்டுபோங்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டில் கேளுங்கள். பகலில் எழுப்பி உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். இரவில் விளக்கை அணைத்துத் தூங்க விடுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். கையைக் கட்டிப்போட்டால் குழப்பம் கூடும். அமெரிக்காவில் ஷாரன் இனௌயே நடத்திய ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. இப்படிப்பட்ட எளிய கவனிப்பினாலேயே டெலிரியம் வந்தவர்களின் விகிதம் 15-லிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது.

மறதிக்கு என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

குணப்படுத்தக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், கால்சியம், தைராய்டு, பி12, சிறுநீரகம், கல்லீரல். மூளைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்கும், பேன்டோபிரசோல் போன்ற அமில மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுபவருக்கும் பி12 குறையும். கூடவே மனச்சோர்வு. துணையை இழந்தபின் ஒடுங்கிப்போன முதியவருக்குக் கவனம் நிற்பதில்லை, அது பார்ப்பதற்கு மறதி போலவே இருக்கும்.

தரையில் பாதம் ஒட்டிக்கொண்டதுபோல் நடை, அடக்க முடியாத சிறுநீர், மந்தமான நினைவு மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கும் நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையால் தேறக்கூடியவர்கள் அதில் உண்டு.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நினைவுச் சோதனை அவருக்கு எப்படிச் சரியாக வரும்?

வராது. 30 மதிப்பெண் தாளில் வாக்கியம் எழுது, படத்தைப் பார்த்து வரை, 100-லிருந்து ஏழேழாகக் கழி என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போனவருக்கு அமைத்தவை. படிக்காதவர் குறைந்த மதிப்பெண் எடுத்தால் நோய் என்று ஆகாது. படித்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் 28 எடுத்தார் என்பதற்காக நோய் இல்லை என்றும் ஆகாது.

இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியில் சென்னைக்கும் வேலூருக்கும் பங்கு உண்டு. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோது, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 10 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் குறையையே பெயராக வைத்துக்கொண்ட 10/66 ஆய்வுக் குழு இரண்டு ஊர்களிலும் களப்பணி செய்தது. கல்வியால் முடிவு சாயாதபடி, முதியவரிடம் எடுக்கும் சோதனையோடு வீட்டார் தரும் தகவலையும் சேர்த்து முடிவெடுக்கும் முறையை அவர்கள் உருவாக்கினர். ஆகவே பாட்டியோடு கூட இருப்பவரே மருத்துவரிடம் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் மட்டும் வந்தால் பாதித் தகவல்தான் கிடைக்கும்.

மாத்திரைகளே மறதியைத் தருமா?

தரும், அடிக்கடி தருகிறது. வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை, சித்த மருந்து, கண் சொட்டு மருந்து எல்லாமும். சளி மாத்திரையிலும் இருமல் டானிக்கிலும் இருக்கும் குளோர்ஃபெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை மூளைக்கு நினைவு வேலையில் தேவைப்படும் அசிட்டைல்கோலினைத் தடுக்கின்றன. தனித்தனியாக லேசாகத் தெரிந்தாலும் இரண்டு மூன்று சேர்ந்தால் வாய் உலரும், மலம் கட்டும், சித்தம் கலங்கும்.

அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் குழப்பத்தையும் விழுகையையும் கூட்டும். ஆனால் பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், படிப்படியாக மருத்துவர்தான் குறைக்க வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை முழு அளவில் விழுங்கிவிட்டு அரை வயிறு சாப்பிடும் முதியவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கும். தளர்ந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குள் இருந்தாலே போதும் என்பது இன்றைய வழிகாட்டுதல். 6.5-க்குக் கொண்டுவரப் போராடுவது அவர்களுக்கு ஆபத்து.

ரத்த அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம்?

ஸ்பிரிண்ட் ஆய்வில் 50 வயது கடந்த 9,361 பேர் பங்கேற்றனர். மேல் அளவை 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட, லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழுமையான மறதி நோயில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை.

குறைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், தலைசுற்றி விழுவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது ஒருநாளும் தெரியாது.

தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். போதாதா?

நடை இதயத்துக்கு நல்லது. தொடைத் தசையை வளர்க்க அது போதாது. தசைக்குப் பாரம் வேண்டும், அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும்.

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு விட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. முதலில் கையை ஊன்றியபடி 5 தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 5. இது எளிதானதும் எண்ணிக்கையைப் பத்தாக்குங்கள். அதுவும் எளிதானால் கையை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்க வேண்டும், பலன் பாதி அங்கேதான். மூச்சை அடக்கக் கூடாது. சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை வைத்து 10 விநாடி நிற்பது இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பெரும்பாலும் தவறுவது எங்கே? ஆறு மாதமாக அதே 5 தடவையிலேயே நிற்பதில். வலிமை கூடாமல் சலிப்பு மட்டும் கூடும்.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயதான 1,635 பேரிடம் நடந்த லைஃப் ஆய்வில், நடையும் தசைப் பயிற்சியும் சேர்ந்து, 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் நிலையை 18 சதவீதம் குறைத்தது. ஆனால் அதே ஆய்வில் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 1,260 பேரில் பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நினைவுச் சோதனைகளில் முன்னேற்றம் கிடைத்தது. ஒற்றைப் பயிற்சியால் மூளையைக் காக்கலாம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

என்ன சாப்பிட வேண்டும்?

புரதம். முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், 60 கிலோ இருப்பவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம். நம் வீடுகளில் முதியவர்களின் இரவு உணவு கஞ்சியோ, பாலில் தோய்த்த ரஸ்க்கோ, இரண்டு இட்லியோ ஆகிவிடுகிறது. அதில் இந்தக் கணக்கு நிறையாது. ஒரு முட்டை 6 கிராம், 200 மி.லி. பால் 6 முதல் 7, வேகவைப்பதற்கு முன் 30 கிராம் பருப்பு சுமார் 7, அதே அளவு கொண்டைக்கடலைச் சுண்டல் சுமார் 6, 100 கிராம் மீன் 18 முதல் 20. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எடை குறைகிறவருக்கு உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை என்று எல்லாவற்றையும் பிடுங்கினால் அவர் தட்டைத் தள்ளிவிடுவார். அந்த வயதில் எடை இழப்பே பெரிய ஆபத்து.

காது மிஷின் போட்டால் மறதி வராதா?

70 முதல் 84 வயதான 977 பேரிடம் அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் நடந்த அச்சீவ் ஆய்வு 2023-இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. இதய நோய்க்கான ஆபத்துகள் ஏற்கெனவே மிகுந்திருந்த பிரிவினரிடம் நினைவுச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. மறதி வரட்டும், வராமல் போகட்டும், வீட்டுப் பேச்சில் அப்பா மறுபடி கலந்துகொள்வார். அதற்காகவே வாங்கலாம். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் என்கிறார்களே?

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்ன எண் அது. குறைந்த கல்வி, காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, உடல் பருமன், மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, தனிமை, காற்று மாசு ஆகிய பதினான்கையும் ஒரு சமுதாயம் முழுதாக நீக்கினால் என்ற கணக்கு. ஒரு தனி மனிதருக்கு 45 சதவீதம் குறையும் என்று பொருள் இல்லை. எல்லாம் செய்தும் நோய் வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களையோ குடும்பத்தையோ குறை சொல்ல இந்த எண்ணை எடுக்கக் கூடாது.

புதிய ஊசி மருந்து குணப்படுத்துமா?

லெகானெமாப் என்னும் ஊசி மருந்து ஆரம்ப நிலை அல்சைமரில் 18 மாதச் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. இழந்த நினைவு திரும்பாது. மூளை வீக்கம், ரத்தக் கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முற்றிய நிலையில் இருப்பவருக்கு இது பொருந்தாது. பழைய மாத்திரையான டோனெபெசில் சிலருக்குக் கொஞ்சகாலம் உதவும். ஆனால் பசியைக் குறைக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும். ஆகவே மெலிந்தவருக்கு எடையையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டே தர வேண்டும்.

ஆராய்ச்சியில் சேரும்படி அம்மாவைக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

மருந்து ஆய்வுகள் பலவும் தளர்ந்தவர்களையும் பல நோய் உள்ளவர்களையும் விலக்கிவிடுகின்றன. பிறகு அந்த மருந்தை அவர்களுக்கே எழுதுகிறோம். அதனால் உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் பங்கேற்புக்கு மதிப்பு அதிகம். கேட்க வேண்டியவை: நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, மருந்து ஆய்வானால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன, எத்தனை முறை வர வேண்டும், வண்டிச் செலவு யாருடையது, பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் பொறுப்பு, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா. தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். மறதி நோய் உள்ளவருக்காகச் சட்டப்படியான உறவினர் கையெழுத்திடலாம். அப்போதும் அம்மாவுக்குப் புரியும் அளவில் அவரிடம் சொல்ல வேண்டும். ஊசியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டால் அது மறுப்பு.

தமிழ்நாட்டில் எங்கே போவது?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு 1978-இல் டாக்டர் வ.செ. நடராஜன் முயற்சியில் தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567. போகும்போது நீங்கள் எழுதிவைத்த நாற்காலி, நடை அளவுகளையும், மாத்திரைப் பையையும், ஆறு மாதத்துக்கு முந்தைய எடையையும் கொண்டுபோங்கள்.